ஆறு ஆண்டுகள், 58,000 கிலோமீட்டர்: என் பக்கப் பைகள் பற்றி

என் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் தொங்கும் பக்கப் பைகளை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இவற்றைச் சுமந்துகொண்டு ஏறக்குறைய 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் ஜிப், உள்ளறை, நிறம் என்று அடுக்கியிருப்பேன். இன்று அவை எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பை எதன்மேல் சாய்ந்திருக்கிறது, எதனால் கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறேன் என்பதைத்தான் கிளம்பும் முன் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

ஒவ்வொன்றும் 25 லிட்டர் பை. பி.வி.சி. பூசிய கனத்த துணி. வாயைச் சுருட்டி மூடும் வகை. அலுமினியப் பெட்டி வாங்குவதா என்று நெடுநாள் யோசித்தேன். பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தால் காலியாக இருக்கும்போதே பத்து கிலோவைத் தாண்டிவிடும். வண்டி சரிந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பூட்டு ஒன்றுதான் பெட்டியின் பக்கம் நிற்கிறது. அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது. இரவு தங்கும் இடங்களில் பைகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

முதல் நெடும்பயணத்திலேயே வலது பையின் கீழ் மூலை சைலன்சரில் பட்டுக் கருகியது. தீய்ந்த நாற்றம் வந்து வண்டியை நிறுத்தியபோது பையில் நாணயம் அளவு ஓட்டை விழுந்திருந்தது; உள்ளே மடித்து வைத்திருந்த சட்டை நான்கு மடிப்பு வரை எரிந்திருந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தபோது பைக்கும் சைலன்சருக்கும் தாராளமான இடைவெளி இருந்தது என்பதுதான் என்னைக் குழப்பியது. பிறகுதான் புரிந்தது. காலிப் பையை, நிறுத்தி வைத்த வண்டியில் பார்த்திருக்கிறேன். சுமை ஏறியதும் பையின் அடி தொய்கிறது. பள்ளத்தில் இறங்கி எழும்போது உள்பக்கமாக ஆடுகிறது. பைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்திய பின் அந்தத் தொல்லை மீண்டும் வரவில்லை. இப்போது எந்தப் பையைப் பொருத்தினாலும் அதை முழுதாக நிரப்பி, பின்னிருக்கையில் ஒருவரை உட்கார்ந்து குதிக்கச் சொல்லி, கீழே குனிந்து பார்க்கிறேன். அப்போதும் நான்கு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

மழை விஷயத்தில் இந்தப் பைகள் என்னைக் கைவிட்டது ஒருமுறைதான். அதுவும் என் பிழை. வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டினால்தான் தண்ணீர் நுழையாது. அளவுக்கு மீறித் திணித்ததால் ஒரு சுற்றுக்குமேல் வரவில்லை. இரவில் திறந்தபோது போர்வையைப் பிழிய வேண்டியிருந்தது. நான்காம் ஆண்டில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஒரே இடத்தில் மடிந்து மடிந்து பூச்சில் கோடு கோடாக வெடிப்பு விழுந்துவிட்டது. அதிலிருந்து உள்ளே தனியாக ஒரு மெல்லிய நீர்புகாப் பை போட்டு அதற்குள் துணிகளை வைக்கிறேன். அது வெளிர் மஞ்சள் நிறம். இருட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டியதில்லை என்பது எதிர்பாராமல் கிடைத்த நன்மை.

கட்டும் பட்டைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கொக்கி வைத்த ரப்பர் கயிறுகளை முற்றிலும் விட்டுவிட்டேன். இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும், கண்ணே போய்விடக்கூடும். நைலான் பட்டை நனைந்தால் சற்று நீண்டு தளர்கிறது. அதனால் பாலியெஸ்டர் பட்டைக்கு மாறினேன். அதன் இரும்புப் பக்கிள்கள் இன்றுவரை உடையவில்லை. பையோடு வந்த பிளாஸ்டிக் பக்கிள்களோ வெயிலில் காய்ந்து மூன்றாம் ஆண்டில் கையோடு வந்துவிட்டன.

இரண்டாவது பயணத்தில் ஓய்வுக்கு இறங்கியபோது இடது பட்டையின் தொங்கு முனை ஒரு சாண் நீளத்துக்கு நார் நாராகக் கிழிந்திருந்தது. செயின் அதைக் கடித்துக் கடித்து விட்டிருக்கிறது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தால் அந்த வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு சாலையோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எந்த முனையையும் தொங்க விடுவதில்லை. சுருட்டி ஒட்டுநாடாவால் கட்டிவிடுகிறேன். கிளம்பி ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இழுத்துப் பார்ப்பதும் அப்போது பிடித்த பழக்கம்தான். அதிர்வில் பொருட்கள் படிந்து, இறுகக் கட்டியதும் அதற்குள் தளர்ந்திருக்கும்.

எடையை இப்போது ஊகிப்பதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி, என் எடையைக் கழித்துவிடுகிறேன். பக்கத்துக்கு ஒன்பது கிலோ, பின்னால் ஆறு கிலோ என்பது என் வண்டிக்கு நான் வைத்திருக்கும் வரம்பு. வண்டியின் கையேட்டில் உள்ள உச்ச எடை, ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், மூட்டை எல்லாம் சேர்த்துச் சொல்லப்படுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருவிகளும் உதிரிகளும் பையின் அடியில், முன்பக்கமாக. உறக்கப் பையும் துணியும் மேலே. ஒரு பயணத்தில் கூடாரத்தையும் தண்ணீர்க் கேனையும் பின்சட்டத்தின் கடைசியில் ஏற்றினேன். பின்சக்கர அச்சான ஆக்சிலுக்கு அப்பால் ஏறும் எடை முன்சக்கரத்தை இலேசாக்கிவிடும். வேகம் கூடியதும் ஹேண்டில் நடுங்கத் தொடங்கியது.

சுமை ஏற்றியபின் டயர் காற்றைக் கையேடு முழுச்சுமைக்குச் சொல்லும் அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போதே நிரப்புகிறேன். பின் ஸ்பிரிங்கை இறுக்கி, முகப்பு விளக்கைத் தாழ்த்துகிறேன். பின்பக்கம் அமிழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். செயினில் கொஞ்சம் தொய்வு இருப்பது குறையல்ல. சுமையில் பின்சக்கரம் மேலேறி, அதைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கை நேராகும்போது செயின் தானாக இறுகும். பயணத்துக்கு முன் ‘நன்றாக’ இறுக்கிவிட்டுக் கிளம்பினால் சுழலும் அச்சுகளின் தாங்கிகள் (பேரிங்குகள்)தான் பாதிக்கப்படும். டயரின் வயதையும் பார்க்கிறேன்: பக்கவாட்டில் 2321 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

உதிரி கிளட்ச் கேபிளைப் பையில் வைப்பதில்லை. பழைய கேபிளின் பக்கத்திலேயே புதியதையும் ஓட்டி, இரு முனைகளையும் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். பங்க்சரை வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஒட்டிப் பழகினேன். வண்டியோடு வந்த ஸ்பானர் மிகவும் குட்டை, ஆக்சில் நட்டு அசையவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்பானரில் செருகி நீட்டிக்க ஒரு சாண் குழாய் இப்போது பையில் இருக்கிறது. உடைகள் மூன்று ஜோடி போதும். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே.

மறுபடி வாங்கினால் இதே வகையைத்தான் வாங்குவேன், ஆனால் 20 லிட்டர் அளவில். இடம் இருந்தால் நிரப்பத்தான் கை போகிறது. வலது பையில் அந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட இடம் விளிம்பில் பிரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் அதை மட்டும் மாற்றப் போகிறேன். இடது பை இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது.