ஃபிஷரா, பிலிப்ஸா?

சேலத்துல நம்ம பசங்க கூடினா இந்த வாதம் வந்துரும், ரெண்டாம் உலகப் போர் காலத்துல நம்ம விடுதலைப் பேச்ச அமெரிக்காவுக்கு ஒழுங்கா கொண்டு போனது பத்திரிகைக்காரரா, தூதரான்னு. என் ஓட்டு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் லூயிஸ் ஃபிஷருக்குத்தாங்க. 1942 ஜூன்ல சேவாகிராமத்துல ஒரு வாரம் காந்தியோடவே தங்கி, கேள்வி மேல கேள்வி கேட்டு, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு காந்தி எழுதின லெட்டரையும் அவரே எடுத்துட்டுப் போனார், கையில ஒரு பதவியும் கிடையாது.

வில்லியம் பிலிப்ஸ் ரூஸ்வெல்ட் இந்தியாவுக்கு அனுப்பின சொந்தப் பிரதிநிதி, அதாவது தூதர். நேர்மையான மனுஷன், ஆனா 1943ல காவல்ல இருந்த காந்திய பாக்கணும்னு கேட்டும் வைஸ்ராய் லின்லித்கோ விடவே இல்ல. பிரிட்டன் போக்கு தப்புன்னு பிலிப்ஸ் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதின லெட்டரும் ரகசியமாவே கிடந்துச்சு, 1944ல ட்ரூ பியர்சன்ங்கற பத்திரிகைக்காரர் அத அச்சுல போட்டப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.