இந்திய வீட்டுத்திட்டம்: குடியிருப்பவனின் மதிப்பீடு
இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் தறப்பாள் கொட்டிலை விட்டு இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. போரில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட இந்திய அரசு தந்த 550,000 இலங்கை ரூபாய், கடனல்ல, மானியம். தவணை தவணையாக வங்கிக்கு வந்தது. அத்திவாரம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. நாங்களே கட்டுவதுதான் இதன் பெரிய பலம். முற்றத்தில் சீமெந்துக் கல் அரிந்தோம். அம்மா காலையும் மாலையும் தண்ணீர் தெளித்த அந்தக் கற்களில் இன்றுவரை ஒரு வெடிப்பில்லை.

குறை என்றால் மணல்தான். முற்பணம் வாங்கிய ஒருவர் மூன்று கிழமை இழுத்தடித்தார், அதற்குள் மாரி பிடித்துவிட்டது. உட்பூச்சுக்குக் காசு போதவில்லை, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் விடாமல் கேட்பது இதுதான்: அடுத்த திட்டத்தில் சீமெந்து, மணல் விலை ஏறினால் மானியமும் ஏறவேண்டும். காணி உறுதி இல்லாத குடும்பங்களையும் சேருங்கள்.