ஓட்டைப் படுதாவா, டயரா, கயிறா? கோல் கம்பத்தில் எதைக் கட்டலாம்

ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்து மணல் திடல்களில் கால்பந்தாட்டம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். பையன் நாலு பேரை வெட்டிக்கொண்டு வருவான், கோல் முன்னால் வந்ததும் பந்தைக் கொண்டுபோய் கீப்பர் மடியில் வைப்பான். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்தின் விட்டமோ 22 செ.மீ.தான். இவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, கண் போய் நிற்பது அங்கே அசைகிற ஒரே பொருளான கீப்பர்மேல். கண் போன இடத்துக்குக் கால் போகிறது. ஆகவே மூலைகளில் கண்ணுக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

கோலில் எதையாவது கட்டுவது புதிதும் இல்லை. வலையே பிறகு வந்து சேர்ந்ததுதான். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டை ஓயாததால், லிவர்பூலில் பொறியாளராக இருந்த ஜான் அலெக்சாண்டர் பிரோடி யோசித்துச் செய்தது அது. 1890களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. வலை இல்லாத கோலை நினைத்துப் பார்க்க நம் ஊர்க்காரர்களுக்குத்தான் சிரமம்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிற இளவட்டம் முழுக்க அப்போது கரையில்தான் இருக்கும், திடலில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்களில் ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தோம்.

முதலில் ஓட்டைப் படுதா. கோல் முழுவதையும் தார்பாயால் அடைத்து, நாலு மூலையிலும் 60 செ.மீ. சதுரமாக வெட்டி விடுவது. கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. தனியாகப் பழகுகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. தவறிய பந்து பட்டுத் திரும்பி வரும், எடுக்க ஓட வேண்டாம். உள்ளே போனதா இல்லையா என்ற வாதமும் இல்லை.

ஆனால் இது காற்று இல்லாத ஊருக்குச் செய்த பொருள். கோலின் பரப்பு ஏறக்குறைய 18 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்தப் பரப்பில் விழும் தள்ளல் நூறு கிலோவைத் தாண்டும். தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா பக்கம், ஆடியில் அடிக்கிற கச்சானுக்கு, அதாவது தென்மேற்குக் காற்றுக்கு, அது பாய் கட்டின படகு மாதிரி. ஒரு சாயங்காலம் எங்கள் கம்பம் படுதாவோடு குப்புற விழுந்தது. நல்லவேளையாக முன்னால் யாரும் இல்லை. தப்பு எங்களுடையதுதான்: பின் சட்டத்தில் இரண்டே மணல் மூட்டை வைத்திருந்தோம். தரையோடு பிணைக்காத கோல் சாய்ந்து குழந்தைகள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கோலைத் தரையில் உறுதியாகப் பிணைக்க வேண்டும் என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது.

இதற்கு மாற்று ஊரிலேயே கிடக்கிறது. விசைப்படகுக்காரர்கள் கழித்துப்போட்ட இழுவை மடியை, அதாவது இழுவை வலையை, எடுத்து அதே மாதிரி ஓட்டை வெட்டி, ஓரத்தைக் கயிறு வைத்துத் தைத்துவிட்டால் காற்று பெரும்பாலும் கண்ணி வழியே போய்விடும். பந்து திரும்பி வராமல் அங்கேயே விழும், அவ்வளவுதான் குறை. மெல்லிய ஒற்றை இழையில் பின்னிய நரம்பு வலை வேண்டாம். பந்தும் நிற்காது, விரலையும் அறுக்கும்.

காற்றைச் சமாளித்த பிறகும் படுதாவின் பெரிய கோளாறு மிச்சம் இருந்தது. ஓட்டையில் போட்டால் கைதட்டல் என்று ஆனதும் பையன்கள் பந்தைத் தள்ளி உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குறி தப்பவில்லை, வேகம் செத்துவிட்டது. பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து கோல் கோட்டுக்கு 16.5 மீட்டர். பந்து மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் கீப்பருக்குக் கிடைப்பது ஒரு விநாடியைவிடக் குறைவு, 0.8 தான். பாதி வேகத்தில் போனால் ஒன்றரை விநாடிக்கு மேல். அதற்குள் அவன் முகம் துடைத்துவிட்டுப் பிடிக்கலாம். படுதாவுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எவ்வளவு மெதுவாக வந்தாலும் அது ஓட்டையை மூடப்போவதில்லை.

டயர் வேறு ரகம். பழைய 28 அங்குல சைக்கிள் டயருக்குள் பந்து நுழைய 60 செ.மீ.க்கு மேல் வாய் இருக்கும். மேல் மூலைகளில் தொங்கவிட்டால் சின்னப் பையன்களுக்குத் திருவிழாதான். "அண்ணே, டயருக்குள்ள போனா ரெண்டு கோலா?" என்ற கேள்வி ஓயாது. பந்தை எழுப்பி அடிக்கப் பழக இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் ஊஞ்சலாடும், கீழேயும் ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் டயர் கூடாது, கனம் தாங்காமல் குறுக்குக் கம்பம் தொய்ந்துவிடும்.

கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு இது கெடுதல் என்றே சொல்வேன். மேல் மூலை ஆசை பிடித்துவிட்டால், தரையோடு கம்பத்தை ஒட்டி அடிக்க வேண்டிய பந்தையும் தூக்கி அடிப்பார்கள். கோலுக்கு மேலே போன பந்து தென்கடல் ஓரம் என்றால் கச்சானே கரைக்குத் தள்ளிவிடும். வடகடலான பாக் நீரிணை ஓரத்தில் அதே காற்று பந்தைக் கடலுக்குள்ளே கொண்டுபோய்விடும், பிறகு சின்னப் படகு வைத்திருக்கிற வத்தைக்காரரைக் கெஞ்ச வேண்டியதுதான்.

கோலையே சவுக்குக் கம்பு நட்டுச் சின்னதாக்குவதும் உண்டு. அதில் பாஸ் சுத்தமாகும், ஷாட் வளராது. விட்டுவிட்டோம்.

கடைசியில் நிலைத்தது கயிறு. இரு பக்கமும் கம்பத்திலிருந்து 1.2 மீட்டர் உள்ளே தள்ளி, குறுக்குக் கம்பத்திலிருந்து ஒவ்வொரு கயிறு தொங்கும். கண்ணில் படுவதற்காக அதில் மும்மூன்று மிதவை. அடியில் ஈயக் குண்டு கட்டினால் பாய்கிற கீப்பரின் பல் போய்விடும், துணிப்பையில் மணல் போதும். நடுவில் 4.92 மீட்டர், அதில் விழுந்தால் ஒரு புள்ளி. கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள ஓரப் பட்டையில் விழுந்தால் மூன்று. கோட்டுக்கு முன் இரண்டு தடவை குத்தின பந்துக்கு ஒன்றுமில்லை, உருட்டுகிறவர்களுக்காகப் போட்ட சட்டம் அது.

படுதாவும் டயரும் கயிற்றிடம் தோற்பது ஒரே இடத்தில்: இதில் கீப்பர் நிற்கலாம். அவன் இடப்பக்கம் நகர்ந்தால் வலப் பட்டை திறக்கும். அடிக்கிறவன் மிதவையையும் பார்க்க வேண்டும், அவனையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் நடப்பதும் அதுதானே. காற்றுக்குத் தொந்தரவு இல்லை, இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிடலாம். தனியாகப் பழகுகிறவனுக்கு மட்டும் இது உதவாது. அவன் மடி வலைக்கே போகட்டும்.

எதைக் கட்டினாலும் கம்பத்தின் மூட்டுகளைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஜிஐ இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், உப்புக் காற்று முதலில் தின்பது அங்கேதான். பிவிசி வெயிலில் முறுகி உடையும். சவுக்கு மண்ணுக்குள் இருக்கிற பாகத்தில் இற்றுப்போகும், தார் பூசி நடலாம்.

இப்போது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டயர், மற்றவர்களுக்குக் கயிறு. போன வாரம் கீப்பரே வந்து பட்டையை ஒரு மீட்டராகக் குறைக்கச் சொன்னான். மூன்று மூன்றாக வாங்கி அலுத்துவிட்டதாம்.