டேப் அளவை எங்கே எழுதிவைப்பது: மோட்லைனிலா, எடிட்டர்கான்ஃபிக்கிலா?

உங்கள் கணினியில் நேராக நிற்கிற வரிகள் என் கணினியில் கோணிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் டேப்தான் காரணம். அது ஒரே ஒரு எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 9. எத்தனை இடம் தள்ள வேண்டும் என்று அந்த எழுத்து சொல்வதில்லை, திறக்கிற மென்பொருளே முடிவு செய்கிறது. டெர்மினலில் வழக்கமாக 8, விம் எடிட்டரில் மாற்றாமல் விட்டால் 8, விஎஸ் கோட் எடிட்டரில் 4. எல்லாவற்றையும் ஸ்பேஸாக்கிவிட்டால் போதாதா என்பார்கள். பைத்தானுக்குப் போதும், அங்கே 4 ஸ்பேஸ்தான் மரபு. ஆனால் புரோகிராமைக் கட்டும் கட்டளைகளை எழுதிவைக்கிற மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், கோ மொழியின் கோடைச் சீராக்கும் கருவியான கோஃபம்ட், இன்டென்டேஷனை (வரித் தொடக்க இடைவெளியை) டேப்பாகவே மாற்றிவிடும். ஆகவே அளவை எங்காவது எழுதித்தான் வைக்க வேண்டும்.

விம் பழகியவர்கள் கையாளும் வழி மோட்லைன். கோப்பின் முதல் ஐந்து வரிகளிலோ கடைசி ஐந்து வரிகளிலோ ஒரு கமெண்ட் போட்டு அதில் டேப்ஸ்டாப் 4 (டேப்பின் அகலம்), ஷிஃப்ட்விட்த் 4 (ஒரு படி உள்ளே தள்ளும் அளவு) என்று எழுதுவது. இதன் பெரிய பலம், அது கோப்போடு கூடவே போகும். ஒற்றைக் கோப்பை மெயிலில் அனுப்பினாலும் அளவு தொலையாது. ஆனால் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர் அதைப் படிக்காது, அதற்குத் தனி எழுத்துமுறை இருக்கிறது, அதனால் இருவர் வேலை செய்கிற கோப்பின் தலையில் இரண்டு கமெண்டுகள் சேர்ந்துவிடும். இன்னொரு சிக்கல் பாதுகாப்பு. 2019-இல், கோப்பைத் திறந்தாலே மோட்லைன் வழியாகக் கட்டளை ஓடக்கூடிய ஓட்டை விம்மில் வெளிப்பட்டது, 8.1.1365 பேட்ச்சில் அடைத்தார்கள். டெபியன் லினக்ஸில் மோட்லைன் இயல்பாகவே அணைத்துத்தான் வருகிறது. நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வரி அங்கே சத்தமில்லாமல் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் வராது.

எடிட்டர்கான்ஃபிக் வேறு மாதிரி. புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் ஒரு கோப்பு, அதில் எந்த வகைக் கோப்புக்கு எத்தனை இடம், டேப்பா ஸ்பேஸா, வரி எந்த எழுத்தில் முடிய வேண்டும் (விண்டோஸில் சிஆர், எல்எஃப் என இரண்டு எழுத்து, லினக்ஸில் எல்எஃப் மட்டும்), எல்லாம் ஒரே இடத்தில். ஜெட்பிரைன்ஸ் எடிட்டர்கள் தாமாகவே படிக்கின்றன, நியோவிம் 0.9 முதல் படிக்கிறது, விஎஸ் கோடுக்கு மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஒரு இடத்தில் கவனமாக இருங்கள்: வரிக் கடைசி ஸ்பேஸை வெட்டும் விதியை மார்க்டவுன் கோப்புகளுக்கு அணைத்துவிடுங்கள், அங்கே வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி முறிவு என்று அர்த்தம்.

ஆனால் வரி முடிவு விஷயத்தில் இதை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் இது எடிட்டரிடம்தான் பேசும், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிடம் பேசாது. நான் ஒருமுறை விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு ஷெல் ஸ்கிரிப்டை அப்படியே சர்வரில் ஏற்றினேன். ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தொப்பிக் குறியும் எம் எழுத்தும் (விண்டோஸ் வரி முடிவின் சிஆர் அப்படித்தான் தெரியும்) ஒட்டிக்கொண்டு, இப்படி ஒரு இன்டர்பிரிட்டர் இல்லை என்று பிழை வந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் கண்ணில் படவில்லை, மாலை முழுக்க அதிலேயே போயிற்று. கிட் எடுத்துத் தரும்போதே எல்எஃப் ஆக இருக்க வேண்டுமென்றால் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு அதை எழுதிவைக்க வேண்டும். அன்றிலிருந்து நான் தொடங்குகிற எந்த புராஜெக்ட்டிலும் முதல் கமிட்டிலேயே (கிட்டில் செய்யும் பதிவு) எடிட்டர்கான்ஃபிக், கிட்ஆட்ரிபியூட்ஸ் இரண்டு கோப்புகளும் இருக்கும். மோட்லைனை, தனியாகச் சுற்றப்போகிற கோப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பழைய புராஜெக்ட்டில் இதைக் கொண்டுவருவதானால், டேப் மாற்றத்தை வேறு எந்த வேலையோடும் கலக்காமல் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள். கிட் 2.23 முதல் பிளேம் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்ற பட்டியல்) பார்க்கும்போது குறிப்பிட்ட கமிட்டைத் தவிர்க்கச் சொல்லலாம், அப்புறம் அந்த வரியை உண்மையில் எழுதியவர் யாரென்று தேடும்போது உங்கள் பெயர் குறுக்கே வராது.