வாங்கினவன் பற்று, கொடுத்தவன் வரவு: தக்கலையில் ஒரு திண்ணை டியூஷன்

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டு, கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்த முதல் வாரமே தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று முழிப்பவர்கள் யாராவது குலசேகரம், திருவட்டாறு, தக்கலை பக்கம் இருந்தால் இது உங்களுக்கு. நானும் இந்த ஜூனில் சேர்ந்தவள்தான். மூன்று மாதத்துக்குள் இரண்டு டியூஷன் பார்த்தாயிற்று. முதலாவது பணம் போன கதை, அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் இந்தப் பாடத்தோடு எனக்கு என்ன தகராறு என்று சொல்லிவிட வேண்டும். கணக்கு என்று பெயர் இருக்கிறதே தவிர, இதுவரை நான் பார்த்ததில் கூட்டல், கழித்தல், கொஞ்சம் சதவீதம், அவ்வளவுதான். பயமுறுத்துவது எண் இல்லை, பற்று, வரவு என்ற இரண்டு வார்த்தைகள். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டையும் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அம்மா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். பால் வெட்டப் போகிறவர்கள்தான் பாதி வாடிக்கை. மழை பிடித்தால் வெட்டு நிற்கும், வெட்டு நின்றால் கூலி நிற்கும், அப்போது அரிசியும் தேயிலையும் பற்றில்தான் போகும். ஜூன் மழைக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு இன்னொரு தடவை பற்று நோட்டு வீங்கும். பத்து வயதிலிருந்தே அந்த நோட்டில் எழுதுகிறவள் நான். அதனால்தான் அத்தை "இவ்வளவு மார்க்கு வாங்கிட்டு காமர்சா?" என்று கேட்டபோதுகூட தைரியமாக இருந்தேன்.

அந்தத் தைரியம் குறிப்பேடு (ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் முதலில் எழுதும் ஏடு) வந்த அன்றே போய்விட்டது. ஒருவர் 50,000 ரூபாய் ரொக்கத்தோடு தொழில் தொடங்குகிறார், பதிவு எழுதுக. பணம் வந்திருக்கிறது, ஆகவே ரொக்கம் வரவு என்று எழுதினேன். தப்பாம். ரொக்கக் கணக்கு பற்றாம். அடுத்தது வாடகை கொடுத்தார், பணம் வெளியே போகிறது, அங்கே ரொக்கம் வரவாம். வீட்டில் வரவு செலவு என்று சொல்கிறோமே, அந்த வரவுக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெரிய சென்டரில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரு பேட்சில் அறுபது பேர், மாதம் 1500 ரூபாய், சேர்க்கைக்குத் தனியாக 1000. மூன்று விதிகளையும் கோரஸாகச் சொல்ல வைத்தார்கள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. மூன்று விதியும் சரிதான், எனக்கு இப்போதும் தூக்கத்தில் வரும். ஏன் என்று கேட்டால்தான் பதில் இல்லை. "பப்ளிக்கில் ஏன் என்று கேட்க மாட்டார்கள்" என்றார்கள். முதல் டெஸ்டில் 25க்கு 9. அதே டெஸ்டில் விடையை அச்சடித்த நோட்ஸிலிருந்து அப்படியே எழுதிய பக்கத்துப் பெண்ணுக்கு 23, அவளுக்கும் எதுவும் புரியவில்லை என்று டீக்கடையில் வைத்துச் சொன்னாள். ஒரு மாதத்தில் நின்றேன். சேர்க்கைப் பணம் திரும்பி வரவில்லை. (இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நட்டம், பற்று.)

இனி தக்கலை. பத்மநாபபுரம் கோட்டைக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு, முன்னால் நீளத் திண்ணை, இரண்டு பெஞ்சு, ஒரு ஃபேன், ஒரு கரும்பலகை. போர்டு கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று சாரே சொல்லிவிட்டார், "இருக்கிய பிள்ளைகளுக்கே இடமில்ல" என்று. கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் 500 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் என்று ஒன்று இல்லை. மொத்தம் பதினான்கு பேர்.

முதல் நாள் நான் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்டேன். சார் புத்தகத்தைத் தொடவே இல்லை. "மக்களே, உனக்க அம்மைக்கக் கடையில ஒரு வெட்டுக்காரன் 340 ரூவாய்க்குச் சாமானம் வாங்கிட்டுப் போறான். நோட்டில என்ன எழுதுவ?" அவர் பெயரில் பற்று 340. "சனிக்கிழமை 200 தாறான்." வரவு 200, பாக்கி 140. "அப்போ உனக்க நோட்டில பற்றுன்னா அவன் வாங்கினது, வரவுன்னா அவன் தந்தது. சரியா? இனி அந்தப் பணப்பெட்டியையும் ஒரு ஆளுன்னு நெனச்சுக்கோ. அதுக்கும் நோட்டில ஒரு பக்கம் போடு. அம்மை 50,000 கொண்டாந்து பெட்டியில வச்சாச்சு. வாங்கினது யாரு?"

பெட்டி. பெட்டி வாங்கியிருக்கிறது, அதனால் பெட்டி பெயரில் பற்று. தந்தது அம்மா, அதனால் அம்மாவின் முதல் கணக்கில், அதாவது அவர் தொழிலில் போட்ட முதலீட்டுக்கான பக்கத்தில், வரவு. அவ்வளவுதான் விஷயம். வீட்டில் நாம் சொல்கிற வரவு நமக்கு வருவது, நோட்டில் இருக்கிற வரவு அந்தப் பக்கத்துக்கு உரியவர் கொடுத்தது. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால் வந்த வினை. ஆறு வருஷம் பற்று நோட்டு எழுதியும் ஒவ்வொரு பக்கமும் அந்த ஆளின் கண்ணிலிருந்து எழுதியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே இன்னொன்றும் தெளிந்தது. பாங்கில் 2000 ரூபாய் போட்டால் வரவு வைக்கப்பட்டது என்று போனுக்குச் செய்தி வருகிறது, நம் ஏட்டிலோ வங்கிக் கணக்கு பற்று. யார் பொய் சொல்வது? யாரும் இல்லை. பாங்கின் நோட்டில் நாம்தான் அந்தப் பக்கத்து ஆள், நாம் தந்திருக்கிறோம், ஆகவே வரவு. நம் நோட்டில் பாங்கு வாங்கியிருக்கிறது, ஆகவே பற்று. வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் பின்னால் வருகிறது, அதற்கு அடிப்படையே இதுதான் என்றார், இன்னும் அங்கே போகவில்லை.

சார் கதை சொல்வார். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். எதையும் ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இந்த இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் லூக்கா பசியோலி என்ற துறவி ஒரு கணிதப் புத்தகத்துக்குள் அச்சிட்டு வெளியிட்டார் என்று பாடத்தில் ஒரு வரியாகப் படித்துத் தாண்டிவிடுவோம். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அங்கே வியாபாரிகள் அதற்கு முன்பே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர் ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தார் என்பதை சார்தான் சொன்னார். அந்த வெனிஸ்காரர்கள் விற்றுப் பணம் பார்த்த சரக்கில் முக்கியமானது நம் பக்கத்து மலையாளக் கரையிலிருந்து போன நல்லமிளகு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பலாவில் படர்ந்திருந்த கொடியைக் காட்டினார். அன்று அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்கின் பாக்கியையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் போட்டுக் கூட்டிப் பார்க்கும் பட்டியல், சேராத நாள்தான் எனக்குப் பிடித்த நாள். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் 90 ரூபாய் இடித்தது. நான் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். சார் தடுத்து, வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார் என்றார். மீதி இல்லாமல் போனால் எங்கேயோ எண்ணை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. தேடினேன், 540 என்று இருக்க வேண்டியது 450 என்று இருந்தது. அதுவும் இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதியைத் தேடு, 45 ரூபாய் ஒன்று பக்கம் மாறி உட்கார்ந்திருக்கும் என்றார். எதுவும் கிடைக்காவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க இருக்கவே இருக்கிறது அனாமத்து கணக்கு. கேட்பாரில்லாமல் கிடப்பதை அனாமத்தாகக் கிடக்கிறது என்று ஊரில் சொல்வதைப் புத்தகத்தில் ஒரு கணக்கின் பெயராகப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அங்கேயே விட்டுவிடக் கூடாது, பிழை அகப்பட்டதும் அந்தக் கணக்கை முடிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தால் வீட்டிலும் ஒரு சண்டை நடந்தது. கடை வேறு, கடைக்காரர் வேறு என்பது கணக்கியலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. அம்மா கடையிலிருந்து ஒரு சோப்பை வீட்டுக்கு எடுத்தால் அது எடுப்பு, எழுத வேண்டும். நான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். சோப்பு, தேங்காய் எண்ணெய், தம்பி தின்ற கடலைமிட்டாய், எல்லாம் சேர்த்து 612 ரூபாய். "எனக்கக் கடையில எடுக்க எனக்கு உனக்க அனுமதி வேணுமோ?" என்று அம்மா நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஆனால் மறுவாரம் கடலைமிட்டாய் பாட்டில் இடம் மாறியிருந்தது, தம்பிக்கு எட்டாத தட்டுக்கு.

குறைகளும் இருக்கின்றன. ஐந்தரைக்கு என்றால் சார் சாயா குடித்து முடிக்க ஐந்தே முக்கால் ஆகும். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. பரீட்சைக்கு 90 மார்க் எழுத்துத் தேர்வு, அதில் இருபது ஒரு மார்க் கேள்வி, அவற்றுக்கு இங்கே தனிப் பயிற்சி என்று எதுவும் இல்லை, நீங்களாகத்தான் படிக்க வேண்டும். கணினிக் கணக்கு என்றால் சார் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம், சார் பேரேடு, தேய்மானம் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார், அவர்கள் பக்கத்தில் இருப்பவரைச் சுரண்டிக் கேட்பார்கள். கரண்ட் போனால் கொசு. மழை சாய்த்துப் பெய்தால் வெளிப் பெஞ்சில் இருப்பவர்களின் நோட்டு நனையும், சீக்கிரம் போனால் உள் பெஞ்சு கிடைக்கும்.

கடைசியாக எழுதிய டெஸ்டில் எனக்கு 25க்கு 18. 23 இல்லைதான். அந்த ஏழு மார்க் எங்கே போனது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும், மூன்று பதிவில் அது எதற்கான பதிவு என்று கீழே எழுத வேண்டிய விளக்கக் குறிப்பை எழுதவில்லை, கடனுக்கு வாங்கிய ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கியதாக எழுதிவிட்டேன். நூற்றுக்கு நூறுதான் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. புரியாமல் எழுத மனசு வராதவர்கள் போகலாம்.

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தரை முதல் ஏழு. தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தான். கோட்டைக்குள் வந்து கணக்கு டியூஷன் சார் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். முன்வாசலில் ஒரு நாய் உண்டு, கடிக்காது, ஆனால் புது ஆளைக் கண்டால் விடாமல் குரைக்கும், பயப்படுகிறவர்கள் கிணற்றுப் பக்கமாகச் சுற்றி வாருங்கள்.