நீக்கப்பட்ட வேலையை அடுத்த இடத்தில் எப்படிச் சொல்வது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது நான்கில் ஒன்றைச் செய்கிறார். அந்த வேலையை ரெஸ்யூமேயில் போடாமல் விடுகிறார். 'நானே பேப்பர் போட்டேன்', அதாவது ராஜினாமா செய்தேன் என்கிறார். பழைய கம்பெனியிடம் பேசி நீக்கத்தை ராஜினாமாவாக மாற்றிக்கொள்கிறார். அல்லது நடந்ததைச் சொல்லிவிடுகிறார். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் (பழைய வேலை விவரங்களைச் சரிபார்ப்பது) வைக்கும் சென்னை, பெங்களூரு ஐடி கம்பெனிகளை மனத்தில் வைத்து இவற்றைப் பார்ப்போம்.

போடாமல் விடுவது

பி.எஃப். பிடிக்காத இடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் இருந்திருந்தால் இது ஓரளவு செல்லும். ரெஸ்யூமேயில் எதைப் போடுவது என்பது நம் விருப்பம். ஆனால் ஆஃபருக்குப் பின் வரும் வெரிஃபிகேஷன் படிவம் அப்படியல்ல. வேலை பார்த்த எல்லா இடங்களையும் கேட்டு, தகவல் பொய்யானால் வேலை ரத்து என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் வாங்குவார்கள். ஒரே ஒரு மாதம் பி.எஃப். கட்டியிருந்தாலும் யூஏஎன் (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) சர்வீஸ் ஹிஸ்டரியில் கம்பெனி பெயர் நிற்கும். சம்பளத்தில் டிடிஎஸ் எனும் வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் எனும் வருமான வரி விவரப் படிவத்திலும் நிற்கும். ரெஸ்யூமேயில் விட்டாலும் அந்தப் படிவத்தில் விடாதீர்கள்.

'நானே விட்டேன்' என்பது

நான்கில் மோசமானது இதுதான். சர்வீஸ் ஹிஸ்டரி தேதிகளைத்தான் காட்டுகிறது, விலகிய கதையைக் காட்டுவதில்லை என்ற தைரியத்தில் பலர் இதில் இறங்குகிறார்கள். மாட்டுவது வேறு இடத்தில். வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சி பழைய எச்ஆருக்கு அனுப்பும் கேள்விகளில் விலகிய காரணமும், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பதும் இருக்கும். சில கம்பெனிகள் தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்யும். சில எல்லாவற்றுக்கும் பதில் எழுதும். உங்கள் கம்பெனி எந்த ரகம் என்று நீங்கள் ஊகிக்க முடியாது. சேர்ந்த பிறகு ரிப்போர்ட் சிவப்பாக, அதாவது தகவல் பொருந்தவில்லை என்று வந்தால் இரண்டாவது நீக்கம் கையில் விழும். முதலாவதற்குக் காரணம் திறமைக் குறைவாக இருந்திருக்கலாம். இரண்டாவதற்குக் காரணம் நீங்கள் சொன்ன பொய்.

ராஜினாமாவாக மாற்றிக்கொள்வது

நீக்கக் கடிதம் வருவதற்கு முன்பு மட்டுமே இதற்கு வாய்ப்பு அதிகம். 'பேப்பர் போட்டுவிடுங்கள்' என்று எச்ஆர் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள், நோட்டீஸ் பீரியட் சம்பளம் உண்டா, ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்குத் தீர்வுப் பணம்) எந்தத் தேதியில் வரும், வெரிஃபிகேஷனில் கேட்டால் என்ன பதில் என்ற நான்கையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, அந்த எச்ஆரே ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

இதற்கு விலையும் உண்டு. தானே விலகியதாக எழுதிக் கொடுத்தவர் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பதும், நீக்கத்தை எதிர்த்து வழக்காடுவதும் மிகக் கடினம். ஆட்குறைப்புதான் காரணம் என்றால் ராஜினாமாவே தேவையில்லை. 'டீமையே மூடினார்கள்' என்பதை எந்த எச்ஆரும் குறையாக எடுப்பது அரிது.

சொல்லிவிடுவது

பெரும்பாலானோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம். நீக்கப்பட்டதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். எச்ஆர் முதல் அழைப்பில் கேட்டால் அங்கேயே சொல்லுங்கள். கேட்காவிட்டால் வெரிஃபிகேஷன் படிவத்தை நிரப்பும் முன் நீங்களே சொல்லுங்கள். மூன்று வாக்கியம், ஒரு நிமிடத்துக்குள்: நடந்தது, அதில் என் பங்கு, பிறகு நான் செய்தது. பிஐபியில் (வேலைத் திறனை மேம்படுத்தத் தரும் கெடு) தோற்றவர் இப்படிச் சொல்லலாம்:

"பிஐபியில் வைத்தார்கள், இலக்கை எட்டவில்லை, விலக்கிவிட்டார்கள். டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறியபோது தேவையான அளவு தயாராகாமல் போனது என் தவறு. அதன் பிறகு நான்கு மாதம் ஜாவாவில் உட்கார்ந்து இரண்டு புராஜெக்ட் முடித்திருக்கிறேன், காட்டுகிறேன்."

மூன்றாவது வாக்கியத்துக்குக் கையில் சான்று இல்லையென்றால் முதல் இரண்டும் வெறும் ஒப்புதலாக நின்றுவிடும். இன்னொரு பக்கம், பழைய மேனேஜரைக் குறை சொல்லத் தொடங்கினால் ஒரு நிமிடம் பத்தாகும். கேட்பவர், நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று நினைப்பார். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் இன்னும் சுருக்கமாகச் சொல்லி, வாதாடாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த வழியானாலும் விண்ணப்பிக்கும் முன் பி.எஃப். தளத்தில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதுபோலத் தெரியும். கடைசி பி.எஃப். தொகை கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், ஆதாரோடு இணைத்த மொபைலில் வரும் ஓடிபியை வைத்து நீங்களே தேதியைப் பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்; தவறாக ஏற்றினால் திருத்துவது பெரிய அலைச்சல்.