6 வருடம், 11 பூ: வெள்ளை மழைப்பூ வளர்த்த கதை

நேற்று இரவு தோழி ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். "உன்ர வீட்டில நிக்கிற மழைப்பூ இதுதானே? விலை பாதியாக் குறைச்சிருக்கினம், வாங்கவோ?" பார்த்தவுடனே தெரிந்தது, அது வேறு செடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செபிராந்தஸ் கண்டிடா. அதுவும் வெள்ளை, அதுவும் மழைக்குத்தான் பூக்கும், ஆனால் என்னிடம் இருப்பது பங்க்ரேசியம் செய்லானிக்கம். 1753 இல் லின்னேயஸ் வைத்த பெயர். செய்லானிக்கம் என்றால் இலங்கைக்குரியது என்று பொருள். இங்கே தானாகவே முளைத்து வளரும் செடியை விட்டுவிட்டு வேறொன்றை அதன் பெயரில் விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரித்து அறிவது கஷ்டமில்லை. பூவின் நடுவைப் பாருங்கள். ஆறு மகரந்தக் காம்புகளின் அடியையும் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று சேர்த்துப் பிடித்து, விளிம்பில் பல் வைத்த சின்னக் கிண்ணம் போல நிற்கும். செபிராந்தஸில் இந்தக் கிண்ணம் கிடையாது. கொழும்பில் தெருவோரம் எங்கும் நட்டிருக்கும் சிலந்தி லில்லியில் கிண்ணம் உண்டு, ஆனால் அது பெரிய செடி, ஒரு தண்டில் பல பூ. நம்முடையதில் ஒரு தண்டுக்கு ஒரே பூ. அப்படியும் சந்தேகம் என்றால் விதை வரும்வரை பொறுத்திருங்கள். சிலந்தி லில்லியின் விதை பச்சையாக, சதைப்பற்றாக இருக்கும். இதற்குக் கறுப்பு விதை.

என் கிழங்குகள் வவுனியாவில் பெரியம்மா வீட்டு வேலியோரத்திலிருந்து வந்தவை. மூன்று தந்தார். வெள்ளவத்தையில் நாலாம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. முதல் வருடம் கடையில் விற்கும் தும்புத்தூள் கலவையில் நட்டேன். இரண்டு கிழங்கு அழுகிப் போயின. தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது, இந்தக் கிழங்குக்கு அது ஆகாது. அப்புறம் மண்சட்டிக்கு மாற்றி, பாதிக்கு மேல் ஆற்று மணல், மீதி தோட்டமண், ஒரு பிடி கூட்டெரு என்று போட்டு, கழுத்து வெளியே தெரியும்படி நட்டேன். அன்றிலிருந்து செடி நன்றாகவே இருக்கிறது. மிஞ்சிய ஒன்று பக்கக் கிழங்கு விட்டு ஏழாகிவிட்டது.

ஆனால் பூ? அதுதான் இத்தனை வருடமாக என்னை வாட்டுகிறது. இந்தச் செடிக்கு ஒரு நீண்ட வறட்சி வேண்டும். இலை வாடி, மண் காய்ந்து, கிழங்கு உறங்க வேண்டும். அதன் பிறகு விழும் முதல் மழைக்குத்தான் தண்டு எழும்பும். வவுனியாவில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வெயில் அந்த வேலையைச் செய்துவிடும். கொழும்பில் அதே வைகாசியில் தென்மேல் பருவமழை கொட்டுகிறது. ஓரளவு காய்கிற காலம் தையும் மாசியும்தான். அப்போதும் இடையில் ஒரு மழை வரும், கடற்காற்றில் ஈரம் வேறு. நான் தை பிறந்ததும் சட்டியை உள்ளே எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் எட்டு வாரம் வைப்பேன். பங்குனியில் மாலை இடிமழை தொடங்கும்போது வெளியே வைப்பேன். பலித்த வருடங்களில் பத்து நாளுக்குள் பூ. பலிக்காத வருடங்களில் வெறும் இலை.

பூத்தால்? அதை எப்படிச் சொல்வது. பொழுது சாயும்போது மொட்டு அவிழத் தொடங்கும். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் இருட்டில் அந்தக் கிண்ணம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். வாசனை மெதுவாகத்தான் வரும், வந்தால் அறை முழுக்க நிற்கும். மறுநாள் மதியத்துக்குள் வாடிவிடும். 2022 இல் மின்வெட்டு நேரத்தில் ஒரு பூ விரிந்தது. அன்று இரவு அந்தப் பால்கனியை விட்டு எழுந்து வர எனக்கு மனமே வரவில்லை.

இந்த வருடம் ஏழாவது வாரத்தில் மாமி சட்டியைப் பார்த்துவிட்டார். "பிள்ளை, பாவம் காய்ஞ்சு கிடந்தது, நாலு நாளாத் தண்ணி விடுறன்" என்றார். அவர் அன்பாகத்தான் செய்தார், அவரோடு கோபிக்க முடியாது. இலை தளதளவென்று வந்தது. சித்திரை முழுக்கக் காத்திருந்தேன், ஒரு தண்டு கூட இல்லை.

ஒரு எச்சரிக்கை: கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். வெங்காயத்தோடு ஒரே குடும்பம்தான், ஆனால் நஞ்சு, தின்றால் வாந்தி எடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம்.

தோழிக்கு என் பதில்: அந்தப் படத்தில் உள்ளதை வாங்கு. தும்புத்தூளிலும் வளரும், தண்ணீர் கூடினாலும் பொறுக்கும், வருடத்தில் பல தடவை பூக்கும். கொழும்பு அடுக்குமாடியில் பங்க்ரேசியம் வேண்டாம், ஆறு வருடத்துக்குப் பதினொரு பூ போதாது. அதற்காகக் காட்டில் போய்த் தோண்டவும் வேண்டாம். பிறகும் ஆசை விடாவிட்டால் வீட்டுக்கு வா, போன வருடத்து விதை ஒரு கடதாசி உறைக்குள் இருக்கிறது. நான் முதலில் போட்ட விதை பூக்க நாலு வருடம் எடுத்தது.